சரக்குக் கறியும் வெள்ளை மயக்க மருந்தும்

என் மூக்கிலிருந்து போன இரத்தத்துக்கு எங்கள் சல்லி ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். முத்துமாரியம்மனுக்கு வைத்த நேர்த்தியை நான் முடிக்கவில்லையாம். கருவாட்டுச் சூடு உடம்பில் ஏறிவிட்டதாம். ஆனால் என் கணவரின் தாய், அதாவது என் மாமி, சொன்ன காரணம்தான் எல்லாவற்றையும் விட நிலைத்து நின்றது.

"பிள்ளை பெறாத உடம்பு. இறங்க வேண்டிய ரத்தம் இறங்காமல் தலைக்கு ஏறியிட்டுது."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் மூக்கு நிறையப் பஞ்சுத் துணியோடு கிடக்கும்போது, என் தலைமாட்டில் இருந்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரிக்கு இதைச் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் போலக் கிடக்கு என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அழுது முடித்துப் பல காலமாகிவிட்டது. என் மூக்குக்கும் என் கருப்பைக்கும் என்ன தொடுப்பு என்று கேட்கக்கூடப் பஞ்சு அடைத்த மூக்கோடு அன்றைக்கு என்னால் ஏலவில்லை. இப்போது ஏலும். அதனால் எழுதுகிறேன்.

நான் கருவாட்டு வியாபாரி. சல்லிக் கரையில் மீன் வாங்கி, காயவைத்து, திருகோணமலைச் சந்தைக்கும் மூதூருக்கும் அனுப்புகிறவள். இந்தத் தொழிலில் கண்ணை நம்பக் கூடாது. வெளியே கலகலவென்று காய்ந்து கிடக்கும் கட்டா மீன், முள்ளோரமாக உள்ளே பழுதாகியிருக்கும். மூக்குக்குத்தான் அது தெரியும். அந்த மூக்குத்தான் என்னை விட்டுப் போனது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் தடிமன் என்று நினைத்தேன். ஆவி பிடித்தேன், தைலம் பூசினேன். பிறகு வாயால் மூச்சு விடப் பழகினேன். கணவர் தேவன் என் குறட்டைக்குப் பயந்து விறாந்தைக்குப் பாயைக் கொண்டு போனார். ஒரு நாள் மூதூரில் என்னிடம் வாங்குகிற முஸ்லிம் வியாபாரி நானா போன் எடுத்தார்.

"என்ன தங்கச்சி, பழுதான சாமானை அனுப்பிரிக்கீங்க? சாக்கை அவிழ்க்க ஏலாமக் கிடக்கு, அவ்வளவு நாத்தம்."

அந்தச் சாக்கை நானே என் கையால் கட்டினேன். குனிந்து மணந்து பார்த்துத்தான் கட்டினேன். எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை, அதனால் நல்ல கருவாடு என்று நினைத்துவிட்டேன். நானா நல்ல மனுசர், சாக்கை ஒருத்தருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டு என்னோடு தொடர்ந்து வியாபாரம் செய்தார். ஆனால் அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை. மூக்கில்லாத கருவாட்டுக்காரி எதற்கு?

"நான் மணந்து சொல்லுறன்" என்றார் தேவன். அவர் படகு இயந்திரம் திருத்துகிறவர். அவருடைய மூக்குக்கு மண்ணெண்ணெயைத் தவிர உலகத்தில் வேறு மணம் இல்லை. அன்பாகத்தான் சொன்னார், பாவம்.

ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டார். அதன் நுனியில் கமரா. திரையில் பார்த்தேன். தோலுரித்த திராட்சைப் பழங்களைக் குலையாக அடைத்து வைத்த மாதிரி இருந்தது. பொலிப் என்று சொன்னார். மூக்கின் உள்தோல் வீங்கி வீங்கித் தொங்குகிற சதைதான் அது, புற்றுநோய் இல்லை. நம் முகத்து எலும்புக்குள் காற்று நிற்கிற சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் சைனஸ் என்கிறார்கள். என்னுடைய அறைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஸ்கான் படத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணுக்கும் அந்த அறைகளுக்கும் நடுவில் இருக்கிற எலும்பைக் காட்டினார். கடதாசி அளவுதான் தடிப்பு. மேலே மூளை.

"கமராவில பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பன். வடிவாத் தெரிய வேணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'வடிவாத் தெரிய வேணும்' என்ற சொல்லை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

முதல் சத்திரசிகிச்சைக்கு மாமிதான் துணைக்கு வந்தார். பெண்கள் வார்டில் ஆம்பிளைகள் நிற்க ஏலாது. என் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசல்வரை வந்தார், அம்மனின் திருநீற்றை நெற்றியில் பூசினார், நான் போட்டிருந்த பச்சை உடுப்பின் முடிச்சு அவிழ்ந்திருந்ததைக் கட்டிவிட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். கை செய்ததற்காக வாய் சொன்னதைக் கழிக்கவும் மாட்டேன், வாய் சொன்னதற்காகக் கை செய்ததை மறக்கவும் மாட்டேன்.

விழித்தபோது தொண்டைக்குள் இரத்தச் சுவை. தலையணை உறை நனைந்திருந்தது. டொக்டர் வந்து கட்டிலடியில் நின்றார். முகம் நல்லாயில்லை.

"பாதியில நிப்பாட்டியிட்டன். ரத்தம் வந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்கக் கமரா மூடுது. கொட்டுற மழையில வைப்பர் இல்லாமல் பஸ் ஓட்டின மாதிரி. கண்ணுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு குருட்டுத்தனமா வெட்ட ஏலாது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

நிப்பாட்டியதற்கு அவரைக் கும்பிட வேண்டும். என் கண் இரண்டும் இருக்கிறது. ஆனால் அவர் போன பிறகுதான் மாமி பக்கத்துக் கட்டில்காரிக்கு அந்த விளக்கத்தைக் கொடுத்தார். அந்த மனுசியும் என் வயிற்றைப் பார்த்து "அதுதான், அதுதான்" என்று தலையாட்டினாள். மாமி பிறகு அந்தத் தலையணை உறையைக் கழற்றிக்கொண்டு போய், ஆஸ்பத்திரித் தண்ணீர்ப் பைப்பில் தன் கையாலேயே கசக்கிக் கழுவினார்.

வீட்டுக்கு வந்ததும் கதை ஊரெல்லாம் போய்விட்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பவளக்கா வந்து, பால்மா பைக்கற்றைத் தந்துவிட்டு, "உனக்கு உடம்பே அப்பிடியாம், என்ன செய்யிறது" என்று பெருமூச்சு விட்டார். தேவன் "இனி வேண்டாம், விடு. மூக்கில்லாமல் எத்தினை பேர் இருக்கினம்" என்றார். எனக்குத் தெரிந்து ஒருத்தரும் இல்லை.

நான் விடவில்லை. இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் செய்தார்கள். இரத்தம் உறைகிற நேரம், தட்டணுக்கள், எல்லாம் சரி. அதைச் சொன்ன மூக்கு டொக்டர் கூடவே ஒன்று சொன்னார்.

"அடுத்த முறை மயக்கத்தை வேறை விதமாக் குடுக்கச் சொல்லிக் கேப்பம்."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. "வேறை விதம் எண்டால்? மயக்கத்தில இரண்டு சாதி இருக்கோ?"

"ஓம். மூச்சோட குடுக்கிற வாயு ஒண்டு. நரம்பில ஏத்துற மருந்து ஒண்டு. இரண்டாவதுக்குச் சொட்டுச் சொட்டா அளந்து தள்ளுற பம்ப் வேணும். அண்டைக்கு அது வேறை ஒரு அவசர நோயாளிக்குத் தேவைப்பட்டிட்டுது."

"அப்ப, எனக்கு ரத்தம் போனது அதாலயோ?"

"அதாலயும் இருக்கலாம். மயக்கம் குடுக்கிற டொக்டரிட்டக் கேளுங்கோ."

கேட்கத்தான் போனேன். மயக்க மருந்து டொக்டரின் கிளினிக்குக்கு வெளியே நீண்ட வாங்கில் முழங்கையோடு முழங்கை உரச உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. துண்டுச் சீட்டு வாங்குகிற தாதி மிஸியிடம், எனக்கு வாயுவா நரம்பு மருந்தா என்று டொக்டரைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். மிஸி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன் கடையில நிண்டு கட்டாவோ பாரையோ எண்டு கேக்கிற மாதிரிக் கேக்கிறீங்கள். அதெல்லாம் டொக்டர்மார் முடிவெடுப்பினம்."

"நான் மீன் கடைக்காரிதான் மிஸி. கேக்காமல் நிண்டால் பழசைத்தான் கட்டித் தருவினம்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு துண்டை வாங்கி அடுக்கின் மேலே வைத்தார்.

டொக்டர் ஒரு பெண். சிங்களவர், ஆனால் தமிழைப் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். நான் கேட்டதும் பேனையை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். என் வாயை அடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விளக்கத் தொடங்கினார்.

"மூக்கு உள்ளே பெரிய குழாய் இல்லை. மயிர் மாதிரி சின்னக் குழாய் நிறைய. வாயு குடுத்தால் அந்தக் குழாய் எல்லாம் இளகும், விரியும். பிரஷர் இறங்கும். அப்ப இதயம் என்ன செய்யும்? கூட வேகமா அடிக்கும். குழாய் விரிஞ்சிருக்கு, இதயம் வேகமாத் தள்ளுது. எல்லாப் பக்கமும் கசியும். கொஞ்சக் கசிவுதான். ஆனால் கமராவுக்கு அது போதும்."

நரம்பில் ஏற்றுகிற மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்குமாம். புரொப்போஃபோல் என்று பெயர். அதோடு வலி தெரியாமல் வைக்கிற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இதயம் நிதானமாக அடிக்கும், பிரஷரையும் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கலாம், கசிவு குறையும். எல்லாச் சத்திரசிகிச்சைக்கும் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்றும், என்னைப்போல் மூக்கு முழுக்க அடைத்தவர்களுக்குத் தெரியலாம் என்றும் சொன்னார். தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பார்கள். இரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்தில் நனைத்த பஞ்சு வைப்பார்கள். வீக்கம் வற்றுவதற்கு முன்கூட்டியே குளிசை தருவார்கள்.

"மயக்கம் மட்டும்தான் காரணம் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "நான் முயற்சி பண்ணுறன். அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகமே இருக்கவில்லையே!

"ஒண்டு கேக்கலாமோ டொக்டர். பிள்ளை பெறாத உடம்பு எண்டால் ரத்தம் தலைக்கு ஏறுமோ?"

அவர் சிரிக்கவில்லை. "ஆர் சொன்னது?"

"மாமி."

"எனக்கும் பிள்ளை இல்லை" என்றார் அவர். "ரத்தம் எல்லாருக்கும் ஒரே பாதையிலதான் ஓடும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுதுவிடுவேன் என்று பயம். அவர் கடதாசியில் ஏதோ எழுதுகிற மாதிரிக் கொஞ்ச நேரம் விட்டார். பிறகுதான் என்னென்ன சாப்பிடக் கூடாது என்று சொன்னார். வலிக்கென்று கண்ட குளிசை போடக் கூடாது. மீன் எண்ணெய்க் குளிசை, நாட்டு மருந்து, கூடுதலாகப் பூண்டு, இஞ்சி எல்லாவற்றையும் இப்போதைக்கு நிப்பாட்ட வேண்டும். இவையெல்லாம் இரத்தத்தை இலகுவாக ஓட விடுமாம்.

சரி என்று வீட்டுக்கு வந்தால், குசினி மேசையில் ஒரு சட்டி மூடியிருக்கிறது. மாமி வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் வேர்வை.

மூடியைத் திறந்தேன். பால்சுறா. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் எல்லாம் அம்மியில் அரைத்து, உரித்த பூண்டை முழுசு முழுசாகக் கைநிறைய அள்ளிப் போட்டுக் காய்ச்சிய சரக்குக் கறி. எங்கள் பக்கத்தில் இதைப் பிள்ளை பெற்றவளுக்குத்தான் காய்ச்சுவார்கள். உள்ளே நிற்கிற கெட்ட இரத்தம் இறங்க வேண்டும், பால் ஊற வேண்டும் என்று. என் மச்சாள்மார் ஒவ்வொருத்தியும் பெற்றபோது இந்த வீட்டில் இந்தக் கறி காய்ச்சினார்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்குப் பரிமாறியவள் நான். ஒரு நாளும் எனக்கென்று ஒரு அகப்பை வந்ததில்லை. கேட்கிற கறியும் இல்லையே அது.

"தலைக்கு ஏறின ரத்தத்தை இறக்க வேணும் பிள்ளை. இதைக் குடிச்சால் இறங்கும்" என்றார் மாமி. "அதுக்குப் பிறகு வெட்டட்டும். ஒரு துளி வராது."

அவருடைய கணக்கில் அது மருந்து. பெற்றவளுக்கு இறக்குகிறதை எனக்கும் இறக்கினால் சரி. எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சட்டிக்கு முன்னால் குனிந்தேன். மூக்கை ஆவிக்குள் வைத்தேன். ஒன்றுமே இல்லை. வெந்நீருக்கு முன்னால் குனிந்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று காய்ச்சிய சரக்குக் கறி, அதை எனக்கு மணக்கவும் ஏலாது, சாப்பிடவும் ஏலாது.

"மாமி, டொக்டர் பூண்டு கூடாதாம். ரத்தத்தை ஓட விடுமாம்."

"ஓட விடத்தானே காய்ச்சினனான்!"

"ஓடினால் கமராவில தெரியாதாம். திரும்பவும் பாதியில நிப்பாட்டுவினம்."

மாமி என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "பூண்டுக்குப் பயந்த டொக்டர்மார்" என்று முணுமுணுத்துக்கொண்டு சட்டியைத் தூக்கினார். அன்றைக்குத் தேவனும் அவருடைய தம்பிமாரும் அந்தக் கறியைச் சாப்பிட்டார்கள். எனக்குப் பருப்பும் சோறும். என் வாழ்நாளில் இவ்வளவு பிடிவாதமாகப் பருப்புச் சாப்பிட்டதில்லை.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்கும் மாமிதான் வந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். பை கட்டிக்கொண்டு எனக்கு முதலே வாசலில் நின்றார். மனம் நொந்திருந்தார், ஆனால் பஸ்ஸில் யன்னல் பக்க இருக்கையை எனக்குத் தந்தார்.

தியேட்டரில் அந்த டொக்டர் அம்மா முகமூடிக்கு மேலே கண்ணால் சிரித்தார். பம்பைக் கையால் தட்டிக் காட்டினார். "இண்டைக்கு உங்களுக்குத்தான் இது" என்றார். கையில் குத்திய ஊசி வழியாக அந்த வெள்ளை மருந்து ஏறியது. கை எரிந்தது. பயம் இருக்கவில்லை என்று சொன்னால் பொய். மூச்சு நின்றுவிடுமோ, கண் போய்விடுமோ என்றெல்லாம் பயந்தேன். அதை விடப் பெரிய பயம், திரும்பவும் இரத்தம் கொட்டி, மாமி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமோ என்பது. அந்தப் பயத்தோடுதான் மயங்கினேன்.

விழித்ததும் முதலில் தொண்டையை விழுங்கிப் பார்த்தேன். இரத்தச் சுவை கொஞ்சம்தான். மூக்குக்குக் கீழே ஒரு துணி கட்டியிருந்தார்கள். மாமி குனிந்து, அந்தத் துணியின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு தலையணை உறையைத் தடவிப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூக்கு டொக்டர் வந்து, "முழுக்க எடுத்தாச்சு. இந்த முறை வடிவாத் தெரிஞ்சுது" என்றார். நான் மாமி கேட்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டேன். "அப்ப என்ர உடம்பில பிழை இல்லையோ டொக்டர்?"

"உடம்பு நல்ல உடம்பு" என்றார் அவர். பக்கத்துக் கட்டிலில் இம்முறை யாரும் இல்லாமல் போனதுதான் எனக்குக் கவலை.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினேன், மருந்து விசிறினேன். காற்று போய் வந்தது, மணம் வரவில்லை. பொறுக்கச் சொன்னார்கள். சிலருக்கு வரும், சிலருக்கு முழுதாக வராது என்றும் சொன்னார்கள். காலையில் எழும்பிச் சவர்க்காரத்தை மணப்பேன், கோப்பித் தூளை மணப்பேன், கருவாட்டுச் சாக்குக்குள் தலையை விடுவேன். தேவன் பார்த்துவிட்டு, "சாக்குக்குள்ள விழுந்திடாதை" என்பார். புண் ஆறிவிட்டது, இனி எதையும் சாப்பிடலாம் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்விறாந்தையில் இருந்து நெத்தலி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்குக்குள் ஏதோ குத்தியது. கரகரவென்று, கசப்பாக. என்னவென்று முதலில் விளங்கவில்லை. பிறகு என் வாய் தானாகக் கத்தியது.

"மாமி! அடிப்பிடிக்குது!"

குசினிக்குள் அகப்பை விழுகிற சத்தம் கேட்டது. மாமி ஓடிப்போய்ச் சட்டியை இறக்கிவிட்டு, அப்படியே கையில் கரிபிடித்த துணியோடு விறாந்தைக்கு வந்தார். அவர் எனக்குச் சொல்லாமல் திரும்பவும் பால்சுறா வாங்கி, திரும்பவும் சரக்கு அரைத்துக் காய்ச்சியிருக்கிறார். வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

"உனக்கு மணந்ததோ?"

நான் பதில் சொல்ல முதலே மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பவளக்காவின் குரல் வந்தது. சரக்குக் கறி காய்ச்சினால் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கே அறிவிப்புத்தான்.

"என்ன மாமி, சரக்கு மணக்குது! உங்கட வீட்டில ஆர் பெத்தது?"

மாமி மதிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாமி, ஒழுங்கை முழுக்கக் கேட்கிற சத்தத்தில் சொன்னார்.

"ஒருத்தரும் பெறேல்லை. என்ர மருமகளுக்குக் காய்ச்சினனான். ஏன், பெத்தவளுக்கு மட்டும்தான் ரத்தம் போகுமோ?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அடிப்பிடித்த கறி. பூண்டின் மணம் பாதிதான் வந்தது, மிளகு மணம் இன்னும் வரவில்லை. கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஒரு அகப்பை கேட்டேன்.